மூத்தவள் வீட்டு சுவிட்ச்

1

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், இதில் வருகிறவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான். ஓர் அம்மாளிடம் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வாக்கையும் காப்பாற்ற வேண்டும், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள், உங்களிடம் சொல்லலாம்.

விக்டோரியா ஏரியில் கென்யா பக்கத்துத் தீவு ஒன்று. பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். பதினோரு வருடமாக இந்த ஏரிப் பக்கம் மின்கம்பி இழுக்கிறேன். கைவேலை தெரிந்தவர்களை ‘ஃபுண்டி’ என்பார்கள். பெண்ணாக இருந்தாலும் நானும் ஃபுண்டிதான்.

2

முதல் தொடக்கம்: ஆப்பிரிக்காவில் இன்னும் மின்சாரம் எட்டாத மக்களின் எண்ணிக்கை

அடித்துவிட்டேன். எண்ணைச் சொன்னால் ‘ஐயோ பாவம்’ என்று பக்கத்தைத் திருப்புவீர்கள். நானும் அப்படித்தான் திருப்புவேன்.

இரண்டாவது: கரையிலிருந்து ஏரிக்கடியில் பெரிய கேபிள் வருமென்று தீவே காத்திருந்தது. கேபிள் வரவில்லை. கம்பங்கள் மட்டும் வந்தன. (அவற்றில் இப்போது ஆடு கட்டுகிறார்கள்.) கடைசியில் குன்றின்மேல் சூரியத் தகடுகளைப் பரப்பி, தகரக் கொட்டகையில் பேட்டரிகளை அடுக்கி, தீவுக்கென்றே ஒரு சின்ன மின்நிலையம் போட்டோம்.

இது பரவாயில்லை. ஆனால் இதில் என் வியப்பு வரவில்லை. சூரியனை விட்டுக் கிளம்பி எட்டு நிமிடத்தில் இங்கே வந்து சேரும் ஒளி, ஒரு கண்ணாடித் தகட்டில் விழுந்து, சுண்டுவிரல் தடிமன் கம்பியில் ஓடி, ஒரு மீனவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பதினோரு வருடமாகியும் ஒவ்வொரு வீட்டிலும் முதல் சுவிட்ச் போடும்போது எனக்கு நெஞ்சு படபடக்கிறது. இதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவது தொடக்கம், நான் செய்த தப்பு. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஓச்சோலாவுக்கு இரண்டு படகு, இரண்டு மனைவி. இங்குள்ள லுவோ மக்களின் வீட்டு வளவில் மூத்தவள் வீடு வளவு வாசலுக்கு நேரே, எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும். இளையவள் வீடு வாசலை ஒட்டி. விதைப்பானாலும் அறுப்பானாலும் மூத்தவள் கைவைத்த பிறகுதான் இளையவள் கைவைக்கலாம். முறை தப்பினால் குடும்பத்துக்குக் கேடு வரும்.

கம்பிக்கு இந்த முறை தெரியாது. அது வாசலிலிருந்து உள்ளே போகும். நானும் கம்பியோடு போனேன். இளையவள் ரிஸ்பா வீட்டில் இணைப்பு கொடுத்து, சோதிக்கிற பழக்கத்தில் சுவிட்சைத் தட்டினேன். பல்பு எரிந்தது.

ரிஸ்பா ஓடிவந்து இடுப்புத் துணியை அவிழ்த்துப் பல்பின் மேல் போட்டாள்.

“அணை ஃபுண்டி, அணை. அக்கா வீட்டுக்கு இன்னும் வரல.”

ஓச்சோலா வலையைப் போட்டுவிட்டு எழுந்தான். “பதினோரு வருசமா எங்க களியைத் தின்னுட்டு இது தெரியலியா உனக்கு? மூத்தவ வெத போடாம எளையவ கொத்துவாளா?”

“வெளிச்சம் என்ன வெதையா?”

“வெத இல்லேன்னு நீ எப்படிச் சொல்ற?”

சுவிட்சை அணைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம்.

(இங்கே ரிஸ்பாவைப் பற்றி எழுதியிருந்தது: வாயாடி. மாதர் குழு வாங்கித் தந்த, மின்சாரத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைத் தவிர வேறு நினைப்பில்லாதவள். தீவு முழுக்க அலைந்து நூற்றிருபது முட்டை சேர்த்து வைத்திருந்தாள். ஒரு வாரத்துக்குள் பெட்டியில் வைக்காவிட்டால் கரு செத்துவிடும். இந்த வரிகளை மாற்றவில்லை. ஏனென்று பிறகு தெரியும்.)

4

மூத்தவள் பெரெஸ் மின்சாரம் வேண்டாம் என்றுவிட்டாள்.

காரணம் சொல்லவில்லை. அவள் வேண்டாமென்றால் ரிஸ்பாவுக்கும் இல்லை. மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் நானே பேசப் போனேன்.

பெரெஸ் பால் தேநீர் ஊற்றினாள். கோப்பையின் விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை மடக்கி வைத்திருந்தாள். தேநீர் விரலைத் தொட்டதும் நிறுத்தினாள். “இந்தாங்க” என்று பல்பை நீட்டினேன். அவள் கை என் குரல் வந்த பக்கம் நீண்டு, பல்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

“கண்டுபிடிச்சிட்டியா?” என்றாள்.

“ம்.”

“ரெண்டு வருசமாச்சு. கண் நரம்பே காஞ்சுபோச்சுன்னு கரையில டாக்டர் சொல்லிட்டாரு. இவங்க யாருக்கும் தெரியாது. முட்டி வலின்னு நெழல்லயே ஒக்காந்துக்குவேன்.”

“சொன்னா என்ன ஆகும்?”

“குருடி கையால மொத வெத போடச் சொல்வாங்களா? குதிர் சாவி யார்கிட்ட போகும்?” கொஞ்சம் நிறுத்தினாள். “பொழுது சாஞ்சா இந்த வளவுல எல்லாருக்கும் கண்ணு மங்கிடும். அப்ப ஓச்சோலா என்னைத்தான் கூப்புடுவான். தூண்டில் முள்ளு எங்க, உப்பு எங்கன்னு. எல்லாம் என் கைக்குத் தெரியும். நீ பல்பு போட்டேன்னு வையி, அந்த நேரமும் எனக்குப் போச்சு.”

மின்சாரம் யாரிடமிருந்தாவது எதையாவது பறிக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. [இந்த இடத்தில் முன்னேற்றம் குறித்து நீளமாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது என்பதே போதும்.]

“வெளிச்சம் வேணாம்,” என்றாள் கடைசியில். “வேற என்ன வரும் உன் கம்பியில?”

“சூடு வரும்.”

“எம்புட்டு சூடு?”

“கோழி அடைகாக்குற சூடு.”

பெரெஸ் சிரித்தாள். அப்போதுதான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னேன்.

5

என் பொய்: “கம்பி முடியிற எடத்துலதான் மின்சாரம் ஆடாம அசையாம வரும். பெட்டியை மூத்தவ வீட்டுலதான் வைக்கணும்.”

கம்பியின் கடைசியில் மின்னழுத்தம் குறையும் என்பது இந்த வேலையில் முதல் நாள் படிக்கிற பாடம். ஓச்சோலா நம்பினான். ரிஸ்பா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“சரி. ஃபுண்டிக்குத் தெரியாததா,” என்றாள்.

பெட்டியை நானும் ஓச்சோலாவும் ரிஸ்பாவுமாகத் தூக்கிப்போய் உள்ளே வைத்தோம். ஓச்சோலாவின் படகுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். பெரெஸின் விரலைச் சுவிட்சில் வைத்துவிட்டு விலகினேன். அவள் அழுத்தினாள். விளக்கு எதுவும் எரியவில்லை. பெட்டிக்குள் காற்றாடி முனகத் தொடங்கியது. காற்றுத் துளையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். சூடு ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

“வந்துடுச்சு,” என்றாள். கன்னத்தைத் துளையருகே கொண்டுபோனாள். “இது வெயிலு. ஃபுண்டி, இது மத்தியான வெயிலு.”

எத்தனையோ வீட்டில் விளக்கேற்றியிருக்கிறேன். வந்தது இன்னதென்று சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் துடைக்காமல் நின்றேன்.

பிறகு அவள் குரல் கொடுத்தாள். “ரிஸ்பா, இப்ப உன் வீட்டுல போடு.”

6

முட்டைகளை ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்ப வேண்டும். திருப்பியதும் திருப்பாததும் தெரிய ஒரு பக்கம் பென்சிலால் குறியிடுவது வழக்கம். திருப்பும் வேலையைப் பெரெஸ் எடுத்துக்கொண்டாள். பென்சில் குறி அவளுக்கு எப்படித் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. அது என் இரண்டாவது தப்பு.

ஏழாம் நாள் போனேன். மத்தியானம்தான், ஆனால் ஜன்னல்களை அடைத்து அறையை இருட்டாக்கியிருந்தார்கள். ரிஸ்பா பெரெஸின் பக்கத்தில் உட்கார்ந்து, டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தாள். கரு பிடித்த முட்டை உள்ளே சிவந்து ஒளிர்ந்தது. நரம்புகள் கிளைவிட்டிருந்தன. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. குன்றுமேல் விழுந்த வெயில் அந்தப் புள்ளிக்குள் போய்த் துடிக்கிறது என்று நினைத்தபடி இன்னும் குனிந்து பார்த்தேன்.

ரிஸ்பா பேசினாள். நிறுத்தாமல் பேசினாள்.

“அக்கா, இதுல நரம்பு ஓடியிருக்கு, செலந்திக் கால் மாதிரி. நடுவுல ஒரு பொட்டு, வெடுக்கு வெடுக்குன்னு அடிக்குது. இது வெறும் முட்டை, மஞ்சளா தெளிவா இருக்கு. இதுல ஒரு பக்கமா கறுப்பா கண்ணு வச்சிருக்கு அக்கா.”

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒருத்திக்கு யாராவது இப்படி ஒவ்வொன்றாகச் சொல்வார்களா?

ஒரு முட்டையைக் கையில் எடுத்தேன். பென்சில் குறி இல்லை. ஒரு பக்கத்தில் மக்காச்சோளக் களியைப் பொட்டாக ஒட்டிக் காயவைத்திருந்தது. விரலுக்குத் தட்டுப்பட்டது. எல்லா முட்டையிலும் இருந்தது.

“என்ன இது ரிஸ்பா?”

“பென்சில் முனை ஒடஞ்சிபோச்சு.”

பென்சில் அவள் கொண்டையில் செருகியிருந்தது. முனை கூராக இருந்தது.

“இவளுக்கு ஒரு வேலையும் சுத்தமா வராது,” என்றாள் பெரெஸ். “முட்டை பூரா களியை அப்பி வச்சிருக்கா.” சொல்லிக்கொண்டே பொட்டுகளைத் தடவித் தடவி முட்டைகளைத் திருப்பினாள்.

(மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் ரிஸ்பாவை வாயாடி என்று எழுதிய வரியை அடிக்கலாம். இருக்கட்டும். அந்த வாய் எதற்கென்று தெரியாமல் எழுதியவள் நான்.)

7

இருபதாம் நாள் பெரெஸ் ஒரு முட்டையை என் காதில் வைத்தாள். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல். மறுநாள் தொண்ணூற்றொரு குஞ்சுகள்.

குஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டு ரிஸ்பா கேட்டாள். “ஃபுண்டி, அக்கா வீட்டுக்குப் பல்பு எப்போ?”

“எனக்கெதுக்குடி? கண்ணு கூசும்,” என்றாள் பெரெஸ்.

“ஆமாக்கா. கூசும்தான்.”

முடிவு ஒன்று: பெரெஸிடம் சொல்கிறேன். ‘அவளுக்குத் தெரியும்மா. முதலிலிருந்தே தெரிந்திருக்கலாம். இனி ஒளிக்க வேண்டாம்.’ அவள் பாரம் இறங்குகிறது. அல்லது, சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்— இதையும் அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சொல்லாமல் விடுகிறேன். ஒருத்தி ஒளிக்கிறாள், ஒருத்தி தெரியாத மாதிரி இருக்கிறாள், குஞ்சுகள் வளர்கின்றன. ஆனால் பெரெஸ் தினமும் பயந்துகொண்டே இருப்பாள், காவலுக்கு ஆள் இருப்பது தெரியாமல்.

முடிவு மூன்று: பெரெஸுக்கும் எல்லாம் தெரியும். இதில் தெரியாதவள் நான் மட்டும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ரிஸ்பா அடுத்த நூற்றிருபது முட்டைகளோடு வளவுக்குள் போகிறாள். கையில் ஒரு கிண்ணம் களி இருக்கிறது. பெரெஸுக்கான பல்பு இன்னும் என் பையில் இருக்கிறது. நாளைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை உண்டு. நான் வாக்குக் கொடுத்தவள், என்னால் யாரிடமும் யோசனை கேட்க முடியாது. உங்களிடம் மட்டும் கேட்கலாம். பெரெஸிடம் சொல்லட்டுமா, வேண்டாமா?