மூடி தொலைந்த தடுப்புகள்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது.

கொசுப்புழு பார்க்க வந்த நகராட்சி ஊழியர் ஒருவர் அங்கிருந்து ஒரு தட்டை உருவினார். அப்படியொரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அதிலிருந்த தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாத்தீங்களா, தலைகீழாத் தொங்குது. வால்லதான் மூச்சு விடும்."

வாலால் மூச்சு விடும் ஒரு ஜீவன் என் சமையலறையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. அருவருப்பு வர வேண்டிய இடத்தில் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். தன் தோழிக்கு, அதே வேலை பார்ப்பவளுக்கு, நடந்ததை அவர் சொன்னார். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

தொடக்கத்துக்குத்தான் திண்டாடினேன். 'கொசுக்களில் பெண் மட்டுமே கடிக்கும்.' (பாடப்புத்தக வாடை.) 'மழை விட்டிருந்தது.' (எத்தனை கதைகளில்தான் விடும்?) 'அவள் ஒரு நாள் தெருவில் நின்று' — இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

2

அவள் ஒரு நாள் தெருவில் நின்று சத்தம் போட்டாள்.

பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு வீடு வீடாக நுழைவதால் அவளுக்கு டார்ச் அக்கா என்று பெயர். தொட்டி, வாளி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் என்று அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. அன்று ஒரு தையற்காரியின் வீட்டு வாசலில், கவிழ்க்காமல் கிடந்த பக்கெட் மூடியில் புழு நெளிந்தது. தையற்காரியின் மகள் டெங்குவில் படுத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். தாய் மாற்றுத்துணி எடுக்க ஓடி வந்திருந்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வராம என்ன செய்யும்? நீங்களே வளத்து வச்சிருக்கீங்களே!"

அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. தையற்காரி மூடியைக் கொட்டிவிட்டுத் துணிப்பையோடு போய்விட்டாள்.

(இந்த இடத்தில் டார்ச் அக்காவை நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு கல்நெஞ்சா? என் விருந்தாளியிடம் கேட்டேன். "சே, சே. அவ நல்ல மனுஷி. வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு நாளைக்கு எத்தன வீட்டுல கதவச் சாத்துவாங்க தெரியுமா?" என்றார். ஆகவே வாயைக் குறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.)

3

மறுவாரம் அதே தெருவில் இன்னும் சிலருக்குக் காய்ச்சல். டார்ச் அக்காவுக்கு மண்டை குடைந்தது. அந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றியே வளைய வரும். அப்படியானால் எங்கேயோ பக்கத்தில்தான். ஆனால் எங்கே? மறுபடியும் எல்லா வீட்டிலும் ஏறி இறங்கினாள். தையற்காரியின் வீடு துடைத்துப் போட்டதுபோல் காய்ந்து கிடந்தது.*

"வாங்க, நல்லாத் தேடுங்க," என்றாள் தையற்காரி. "என் கண்ணுலதான் தண்ணி நிக்குது. அதுலயும் புழு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போங்க."

டார்ச் அக்கா இறங்கி நடந்தாள். தெருமுனையில் செருப்பு வார் நழுவியது. அதைச் சரிசெய்ய, அங்கே வரிசையாக நின்ற பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றில் கையை ஊன்றினாள். குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு அப்படியே போட்டிருந்த குழிக்கு முன்னால், வண்டிகள் உள்ளே விழாமலிருக்க நகராட்சி வைத்த தடுப்புகள் அவை. நகராமல் நிற்க உள்ளே தண்ணீர் நிரப்பியிருப்பார்கள்.

ஊன்றிய கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கொசு எழுந்து பறந்தது.

உச்சியில் ஒரு ஓட்டை. மூடி இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும்.

அடியில் இருந்த அடைப்பானைத் திருகிக் கிண்ணத்தைப் பிடித்தாள். ஊற்றிய தண்ணீரில் நெளியாத இடமே இல்லை. தடுப்பின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'நகராட்சிச் சொத்து'.

* காய வைத்தாலும் போதாதாம். முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரியும். தேய்த்துக் கழுவ வேண்டும். இதை எழுதிவிட்டு நான் எழுந்து போய் அந்தத் தட்டைத் தேய்த்தேன்.

4

"சார், புழு நம்ம சொத்துலதான் சார் இருக்கு," என்று மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள்.

"அது ரோடு பிரிவோடதும்மா. நான் எழுதிப் போடறேன்."

"தண்ணிய இறக்கி விடட்டுமா?"

"தொடாத! காலியா நின்னா காத்துக்கே நகந்துடும். பின்னால ஆள் ஒசரக் குழி. ராத்திரி யாராவது வண்டியோட விழுந்தா யார் பதில் சொல்றது?"

அவரை வில்லனாக்கிவிடத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதே! தண்ணீர் இருந்தால் கொசு, இல்லாவிட்டால் குழி. நானும் எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன்.

டார்ச் அக்கா என்னைவிடச் சுறுசுறுப்பு. பையிலிருந்த மருந்தை ஒவ்வொரு ஓட்டையிலும் ஊற்றினாள். இருக்கிற புழு சாகும். ஆனால் மருந்தின் வீரியம் போனதும் மறுபடி கொசு வந்து முட்டையிடும். ஓட்டையை மூட வேண்டும். எதனால்? கொசுவலைத் துணியில் தொப்பி மாதிரி தைத்து, எலாஸ்டிக் கொடுத்து இறுக்கினால்?

தைக்கத் தெரிந்தவள் அந்தத் தெருவில் ஒருத்திதான்.

5

இந்தப் பகுதியை எழுத எனக்கே கை கூசியது. டார்ச் அக்காவுக்குக் கால் எப்படிக் கூசியிருக்கும்! ஆனாலும் கிண்ணத்தோடு போய் நின்றாள்.

"இது உங்க வீட்டுல இருந்து வந்ததில்லம்மா. எங்களோட தடுப்புல இருந்து வந்தது." தொப்பி யோசனையையும் சொன்னாள்.

தையற்காரி கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதச் சத்தமாச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"அன்னைக்குத் தெருவே கேக்கறாப்பல சொன்னீங்கல்ல? அதே மாதிரி சொல்லுங்க."

டார்ச் அக்கா வாசலுக்கு வந்தாள். கனைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க! காய்ச்சல் இவங்க வீட்டு மூடியால வரல! தெருமுனைல நாங்க வச்ச தடுப்புல புழு வளந்திருக்கு! நான் இவங்களப் பேசுனது தப்பு!"

ஜன்னல்கள் திறந்தன. தையற்காரி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் தெருமுனைக்கு நடந்தாள். ஓட்டையின் சுற்றளவை எடுக்க.

இருட்டுவதற்குள் எல்லாத் தடுப்புக்கும் தொப்பி ஏறிவிட்டது. மறுநாள் மேற்பார்வையாளரே வந்தார். ஒரு தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தவர், முகம் கோணி, கிடங்குக்குப் போன் போட்டார். "அங்க அடுக்கி வச்சிருக்கற தடுப்பெல்லாம் திறந்து பாருங்க. ஆமா, எல்லாத்தையும்." அங்கே பார்த்ததை என் விருந்தாளி விவரிக்க வந்தார், தேநீர் குடித்துக்கொண்டிருந்ததால் வேண்டாம் என்றேன்.

6

மகள் பிழைத்துக்கொண்டாள். தெருவில் காய்ச்சல் மெல்ல ஓய்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்புறம் அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அத மட்டும் அவ எங்கிட்டச் சொல்லல," என்றார் என் விருந்தாளி, கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே.

நானாக இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தையற்காரி நாற்காலி போடுகிறாள். எனக்கே தித்திப்பு திகட்டியது. மற்றதில் கதவைச் சாத்துகிறாள். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. தெருவே கேட்க ஒருத்தியைப் பேசியதற்கு, தெருவே கேட்க ஒப்புக்கொண்டால் சரியாகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பெற்ற நீங்கள், அல்லது எங்கேயாவது வாய் நீண்டுவிட்ட நீங்கள், என்னைவிடத் தெரிந்தவர்களாக இருக்கலாம். நான் எழுத முடிந்தது இவ்வளவுதான்:

அடுத்த வாரம் டார்ச் அக்கா கதவைத் தட்டினாள். மகள்தான் திறந்தாள். இளைத்திருந்தாள், கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. "அம்மா, டார்ச் அக்கா வந்திருக்காங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. தையற்காரி ஊசியில் மாட்டியிருந்த துணியை விடுவித்துவிட்டு, எழுந்து வாசலுக்கு வந்து,