கோகுல்நாத் கைபடாத சர்வர்

வெள்ளானூர் பக்கம் புதிதாக எழும்பிய அந்த நாற்பத்தெட்டு வீட்டுக் குடியிருப்பில் கோகுல்நாத்துக்கு இருந்த மரியாதை உத்தியோகத்தால் வந்ததல்ல. குடியிருப்பின் இணையப் பக்கம் அவர் கையில் இருந்தது. தண்ணீர் மோட்டார் போடும் நேரம், லிஃப்ட் பழுது, எதை மாற்றுவதென்றாலும் அவர்தான் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சர்வரில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடிக்கும்வரை இரண்டு பேராவது அவர் வீட்டு சோபாவில் காத்திருப்பார்கள். மனைவி சுலோசனா காபி தருவார். இவர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்.

அதில் மண்ணைப் போட்டாள் மூன்றாவது மாடி சௌம்யா. மாற்றத்தை எழுதி ‘புஷ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும், அதுவே தொகுத்து, சோதித்து, சர்வரில் ஏற்றிவிடும்படி செய்துவிட்டாள். ஒன்றரை நிமிடம். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். கோகுல்நாத்தும் தட்டினார், சத்தம்தான் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டு மணியை அடித்தது பால்காரர் மட்டும்தான்.

அதே குடியிருப்பில் இருந்த பார்வதத்தின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. ஏழு மணிக்குப் போடும் மோட்டாரை அன்று மட்டும் ஐந்துக்கே போடவேண்டும் என்று கேட்டிருந்தார். சௌம்யா சனிக்கிழமை மதியமே நேரத்தை மாற்றி புஷ் செய்துவிட்டாள். சாயங்காலம் கோகுல்நாத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெஷினை நம்பி விட்டுவிடலாமா? எதற்கும் இருக்கட்டும் என்று தன் மடிக்கணினியிலிருந்து எல்லாக் கோப்புகளையும் பழையபடி ஒருமுறை சர்வரில் ஏற்றினார். அதில் இருந்தது போன மாதப் பிரதி. அது நினைவுக்கு வராமலே நிம்மதியாகக் காராசேவு கொறிக்கப் போனார்.

மறுநாள் காலை ஆறுக்குப் பார்வதம் வீட்டில் பதினேழு உறவினர்கள் சொட்டுத் தண்ணீரில்லாமல் நின்றார்கள். குடத்தோடு கீழே வந்த பார்வதத்திடம் மோட்டார் போடும் வேம்புலி குடியிருப்பின் பக்கத்தைத் திறந்து கைபேசியை நீட்டினார்.

"இதுல ஏழுன்னுதான் போட்டு கீது. நான் இன்னா பண்றது?"

கோகுல்நாத்தும் இறங்கி வந்திருந்தார். தானாகப் போவது ஒருநாள் இப்படித்தான் காலை வாரும் என்று தான் அன்றைக்கே நினைத்ததாக நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். நாலு பேரும் சௌம்யாவைப் பார்த்தார்கள்.

அவள் முதலில் மோட்டாரைப் போடச் சொன்னாள். பிறகு கைபேசியில் சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். மதியம் தன் மாற்றம் சரியாக ஏறியிருந்தது. மாலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு அதன் மேல் வேறொருவர் கை பட்டிருந்தது, பெயரோடு. கைபேசியை கோகுல்நாத் பக்கம் மட்டும் திருப்பினாள்.

"சார், சர்வர்ல உங்க கணக்கை நான் எடுத்துடட்டுமா, நீங்களே எடுத்துடறீங்களா?" என்றாள், தாழ்ந்த குரலில்.

கோகுல்நாத் அந்த ஒற்றை வரியை இரண்டு தடவை படித்தார். பேசாமல் போயிருக்கலாம், அந்தப் பெண்ணும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

"நானே எடுத்துடறேன்மா," என்றவர் பார்வதத்தின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுதுதாங்க. நான்தான் பழசை ஏத்திட்டேன்."

பார்வதம் குடத்தைக் கீழ்த்தொட்டியில் மொண்டார். அதை அவர் கையில் கொடுத்தார். மேல்தொட்டி நிரம்ப அரைமணி ஆகும்.

லிஃப்ட் இருந்தும் கோகுல்நாத் குடத்தோடு படியேறியே போனார். லிஃப்டில் மூன்று பேர் இருந்தார்கள், மூவருக்கும் விவரம் வேண்டும்.