ஐஸ் வாங்கப் போனவர்

ஐஸ் வாங்கப் போன மனுஷன் இன்னும் வீடு திரும்பவில்லை.

ரோசலின் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து ஓய்ந்து போனாள். பெட்ரோல் நிலையம் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. இரண்டு சந்து கடந்தால் பெரிய ரோடு, ரோட்டோரத்திலேயே நிலையம். மோட்டார் சைக்கிளில் போய் ஒரு பை ஐஸை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வர எவ்வளவு நேரமாகும்? கைப்பேசிக்கு அழைத்தாள். அது படுக்கையறையில், தலையணைக்குப் பக்கத்தில் கிடந்து பாடியது.

கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. கிள்ளானில் அவர்கள் போகும் சபையிலிருந்து பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பாஸ்டர் ஜெயசீலன் சுவரோரம் உட்கார்ந்து, நேரமாகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதுபோல் கைக்கடிகாரத்தை முழுக்கைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். நெய்ச்சோறு தயார். ஆட்டுக்கறி தயார். பெரிய பாத்திரத்தில் ரோஜா நிறத்தில் சிராப் தண்ணீரும் தயார். இல்லாதது இரண்டுதான். ஐஸும், யாருக்காக இந்த ஸ்தோத்திரக் கூட்டமோ அந்த ஆளும்.

"தம்பி எங்கம்மா?" என்று கேட்டார் லெட்சுமி அண்ணி. ரோசலினின் வீட்டுக்காரர் கமலநாதனின் அக்கா. ரவாங்கிலிருந்து ரயிலேறி வந்து, காற்றாடிக்கு நேர் கீழே இடம் பிடித்திருந்தார். நெற்றியில் திருநீறு. தம்பி கிறிஸ்தவ வேதத்துக்குப் போனதே அவருக்குப் பிடிக்காது. குடியை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டு, கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்திருந்தார்.

"ஐஸ் வாங்கப் போயிருக்காரு அண்ணி. இப்ப வந்துருவாரு."

"ஐஸ் வாங்கவா?" அண்ணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாவும் வெத்தல வாங்கத்தான் போவாரு."

ரோசலின் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள்.

இந்தக் கூட்டம் அவளுடைய பொருத்தனை. என் வீட்டுக்காரரைக் குடியிலிருந்து மீட்டுக் கொடும், சபையையே வீட்டுக்குக் கூப்பிட்டு ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பாடு போடுகிறேன் என்று வருஷக் கணக்காக முழங்காலில் நின்று ஆண்டவரிடம் பேசி வைத்தது. கமலநாதன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். வேலை முடிந்தால் கால் தானாகக் கோப்பிக்கடைப் பக்கம் திரும்பும். அங்கே கோப்பி குடிக்க அவர் போனதில்லை. போன கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒருநாள், காரணம் எதுவும் சொல்லாமல் நிறுத்தினார். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று, சீனப் பெருநாள் வந்தது, போனது. அவர் குடிக்கவில்லை.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று பாஸ்டர் சொன்னதுதான் தாமதம், ரோசலின் எழுந்து போய் மைக்கைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு மைக் பயம் கிடையாது. சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். அவள் ஜெபம் முடிவதற்குள் உலையில் போட்ட அரிசி வெந்துவிடும் என்று மகள் ஷாமினியே கிண்டல் செய்வாள்.

"கர்த்தர் என் வீட்டுக்காரர முழுசா விடுவிச்சிட்டாரு! குடிக்கிற ஆசையையே வேரோட புடுங்கி எறிஞ்சிட்டாரு!"

சபை அதிர்ந்தது. அல்லேலூயா என்றார்கள், கைதட்டினார்கள். கடைசி வரிசையில் கமலநாதன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமே என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அழுதது அவள், முழங்கால் தேய்ந்தது அவளுக்கு. சாட்சி மட்டும் வேறு யாருடையதாக இருக்கும்?

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "முழுசான்னு சொல்லாம இருந்திருக்கலாம் ரோசி."

"விசுவாசம் இல்லாத பேச்சு பேசாதீங்க," என்று அவள் அடக்கிவிட்டாள்.

இப்போது அந்தப் பேச்சு அடுப்படியில் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. கூடத்தில் பாஸ்டர், "அதுக்குள்ள நாம ஒரு பாட்டு பாடுவோம்," என்றார். பாட்டு தொடங்கியதும் ரோசலின் கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

"அம்மா, எங்க போற?" என்றாள் ஷாமினி.

"ஐஸ் வாங்க."

மகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

காருக்குள் உட்கார்ந்ததும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆண்டவரே, இது நல்லா இருக்கா? ஊரக் கூப்பிட்டு உட்கார வச்சிட்டு இப்படியா? உம்ம பேருதான கெட்டுப் போகும்?" அவருடைய பேரோடு தன் பேரும் சேர்ந்தேதான் கெடும் என்பதை அவள் அந்த நேரத்தில் குறிப்பிடவில்லை. பெரிய ரோட்டில் சனிக்கிழமை நெரிசல். லோரி ஒன்று முன்னால் நின்றுகொண்டு நகர மாட்டேனென்றது. விபத்தாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே, விபத்தாக இருந்தாலாவது வந்தவர்களிடம் சொல்லிக்கொள்ளலாமே என்று ஓர் எண்ணம் ஓடியது. அந்த எண்ணம் தன் மண்டைக்குள்தான் ஓடியது என்று தெரிந்தபோது அவள் ஹாரனை ஓங்கி அழுத்தினாள்.

பெட்ரோல் நிலையத்தில் அவர் மோட்டார் இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கக் கடைவரிசையில், கோப்பிக்கடைக்கு முன்னால் நின்றது. கூடையில் ஐஸ் பை. பாதி கரைந்து, தார் ரோட்டில் சொட்டிச் சொட்டி ஒரு சின்னக் குளமே கட்டியிருந்தது.

ரோசலின் காரை எப்படி நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைக்காரச் சீனர், பழைய ஆள், அவளைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்தார்.

"லாக்கி லு அடா பெலாக்காங்," என்று மலாயில் சொல்லி, அவள் புருஷன் பின்னால் இருப்பதாகக் கை காட்டினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "தா மினும். டுடுக் சஜா," என்றார். குடிக்கவில்லையாம், வெறுமனே உட்கார்ந்திருக்கிறானாம். இந்தக் கடையில் வெறுமனே உட்காருவதற்கு யார் வருவார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்பக்கம், சுவரோர மேசையில் கமலநாதன். ஸ்தோத்திரக் கூட்டத்துக்கென்று அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச்சட்டையில்தான் இருந்தார். முன்னால் திறந்த ஸ்டவுட் போத்தல். கிளாஸ் விளிம்பு வரைக்கும் நிரம்பி, நுரை அடங்கிப் போயிருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

அவள் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தாள். வருஷக் கணக்கான பழக்கம் விட்டுப்போயிருந்தாலும் கழுத்து தானாக வளைந்துவிட்டது. அவரும் பழகியவர்போல் வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். வாசம் கிளாஸிலிருந்துதான் வந்தது.

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க? வீடு நெறைய ஆளு. ஒங்கக்கா வேற வந்து உக்காந்திருக்காங்க. பாஸ்டர் பாட்டுமேல பாட்டா பாட வச்சிக்கிட்டு இருக்காரு."

"எந்திரிக்க முடியல ரோசி."

அவள் எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஒங்கிட்ட சொன்னதில்ல," என்றார் கமலநாதன், கிளாஸைப் பார்த்தபடியே. "வேலை முடிஞ்சி தெனமும் இந்தக் கடையத் தாண்டித்தான வரணும். சிக்னல்கிட்ட வரும்போதே ஆரம்பிச்சிருவேன். இயேசுவே, என்னத் தூக்கிக்கிட்டுப் போங்க, தூக்கிக்கிட்டுப் போங்கன்னு. கடை தாண்டுற வரைக்கும் அதேதான். தமிழ்ப்பள்ளி வளைவு வந்ததும் தேங்க்ஸ் ஆண்டவரேம்பேன். எனக்குத் தெரிஞ்ச ஜெபம் அவ்வளவுதான்."

"வேற ரோட்டுல வந்தா என்ன?"

"எந்த ரோட்டுல கடை இல்ல லா?"

அவள் கார் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இன்னிக்குக் கூப்பிடல," என்றார். "நீதான் முழுசா முடிஞ்சிருச்சின்னு சொல்லிட்டியே. சபையே கைதட்டிருச்சி. முடிஞ்சிபோன காரியத்துக்கு அவர எதுக்குப் போட்டுத் தெனமும் தொந்தரவு பண்ணணும்? சரி, இன்னிக்கு சும்மாவே தாண்டிப் பாப்போம்னு வந்தேன். மோட்டார் இங்க வந்து நின்னிருச்சி. ஊத்தினப்புறம் கூப்பிடலாம்னு பாத்தா வெக்கமா இருக்கு. கிளாஸ முன்னால வச்சிக்கிட்டு அவர எப்படிக் கூப்பிடறது?"

ரோசலினுக்கு முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. பெரிய மனுஷன், ஒரு கடையைத் தாண்டத் தெரியவில்லை. அந்தக் கோபம் பாதி வழியிலேயே திரும்பி அவள்மேல் விழுந்தது. அவர் தினமும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். இனி பிடிக்க வேண்டாம், வந்து சேர்ந்தாயிற்று என்று ஊரறிய அறிவித்தது அவள். நன்றி சொல்கிறேன் என்று போய், உதவி கேட்கும் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் மட்டும் என்ன? முன்பெல்லாம் இந்த மாலை நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே, மனுஷனைக் கூட்டி வாரும் ஆண்டவரே என்று புலம்புவாள். அவர் ஒழுங்காக வரத் தொடங்கியதும், அந்தப் புலம்பல் தானாக நின்றுவிட்டது. எப்போது நின்றது என்றுகூட நினைவில்லை.

ஜெபம் பண்ண வாயைத் திறந்தாள். சபையில் ஆறாக ஓடுகிற வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. மகிமையும் வரவில்லை, மகத்துவமும் வரவில்லை. மேசைக்கு மேலாக எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இயேசுவே, இவரத் தூக்கிக்கிட்டுப் போங்க," என்றாள். "என்னையும் சேத்துத் தூக்குங்க. என்னாலயும் எந்திரிக்க முடியல."

கமலநாதனின் உதடு அசைந்தது. இருவரும் அதையே சொல்லிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள். பக்கத்து மேசைக்காரன் ஒருவன் தன் கிளாஸைக் கையில் வைத்தபடி வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு கமலநாதன் மேசையில் கையூன்றி எழுந்தார். கிளாஸ் நிரம்பியது நிரம்பியபடி அங்கேயே இருந்தது.

மோட்டார் முன்னால் போயிற்று, அவள் கார் பின்னால். தமிழ்ப்பள்ளி வளைவில் மோட்டார் மெதுவானது. அவர் தலை ஒரு கணம் குனிந்து நிமிர்ந்தது. கார் வளைவுக்கு வந்தபோது அவளும் சொன்னாள்.

வீட்டில் பாட்டுகள் தீர்ந்து, பாடியதையே மறுபடி பாடிக்கொண்டிருந்தார்கள். ஷாமினி ஓடிவந்து ஐஸ் பையை வாங்கினாள். அதில் தண்ணீர்தான் இருந்தது. லெட்சுமி அண்ணி, முகம் துடைக்கத் துண்டு கொடுக்கிற சாக்கில் தம்பியை நெருங்கி மூக்கை ஒருமுறை வேலை வாங்கினார். ஒன்றும் அகப்படாமல் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

"சிஸ்டர் ரோசலின் இப்ப சாட்சி சொல்லுவாங்க," என்றார் பாஸ்டர்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழவில்லை.

"அது என்னோட சாட்சி இல்ல பாஸ்டர். அவரோடது. போன வாரம் அவரக் கேக்காம நான் சொல்லிட்டேன். சொல்ல இஷ்டம்னா அவரே சொல்லட்டும். இல்லன்னா சாப்பிடலாம்."

கமலநாதன் சபையில் தன் பெயரைக்கூடச் சத்தமாகச் சொன்னவரில்லை. கதவோரம் நின்றவர் அங்கிருந்து நகராமலே பேசினார். சட்டைப் பொத்தானை ஒரு கை திருகிக்கொண்டேயிருந்தது.

"ஐஸ் வாங்கப் போனேன். வர்ற வழியில பழைய கடையில மாட்டிக்கிட்டேன். ஊத்தி வச்சிட்டேன். ஆண்டவர் இவள அனுப்பி என்னக் கூட்டிட்டு வந்துட்டாரு." நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "ஆசை எங்கயும் போகல. இன்னிக்குக் குடிக்கல. அதுக்கு ஸ்தோத்திரம். நாளைக்கும் கேக்கணும்."

கைதட்டல் இல்லை. அல்லேலூயாவும் எழவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிலர் வேதப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அவமானத்தில் செத்துவிடுவோம் என்று நினைத்த ரோசலின் சாகவில்லை. அழுகைதான் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

முதலில் பேசியது திருநீற்று நெற்றிக்காரர்தான். "கேளுடா தம்பி," என்றார் லெட்சுமி அண்ணி. "அப்பா யாரையும் கேக்காமலே போய்ச் சேந்துட்டாரு. நீ கேளு."

"ஆமென்," என்றார் பாஸ்டர், மிக மெதுவாக. அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். சூடாக நெய்ச்சோறும், சில்லிடாத சிராப் தண்ணீரும் பரிமாறப்பட்டன. யாரும் ஐஸ் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. ரோசலின் தொட்டியடியில் நின்று கழுவிய சட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்நேரம் துறைமுகத்திலிருந்து கிளம்பியிருப்பார். இந்நேரம் சிக்னல். "தூக்கிக்கிட்டு வாங்க இயேசுவே, தூக்கிக்கிட்டு வாங்க." மழை பிடித்தது. கடைக்கு முன்னால் ஒதுங்கி நிற்பாரோ? மழைக்கு ஒதுங்கினாலும் அந்தக் கூரைக்குக் கீழே ஒதுங்கக் கூடாதே. எத்தனை விசுவாசம் பேசியவள், இப்போது ஒரு மோட்டார் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சந்துமுனையில் ஒரு மோட்டார் திரும்பி, வேறு வீட்டுக்குப் போயிற்று. இன்னொன்றும் அப்படியே போயிற்று.

பிறகு வாசல் கேட் கிறீச்சிட்டது. சொட்டச் சொட்ட நனைந்து, மழைச்சட்டைகூடப் போடாமல், நிற்காமல் வந்திருந்தார்.

"தேங்க்ஸ் ஆண்டவரே," என்று சொல்லிவிட்டு அவள் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். குனிந்து மோந்து பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு மறுபடியும் தொட்டியடியில் நின்றாள்.