பிரிட்ஜெட்டின் கையில் இருந்தது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கல் பெயர்ந்த இடத்திலிருந்து வந்தது. அதற்கு மேல் எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரின் தேவாலயத்தில் சனிக்கிழமை துடைத்துப் பெருக்கும் முறை எனக்கும் ஹில்டாவுக்கும். மெழுகுவர்த்தித் தண்டுகளை அவள் எடுத்துக்கொண்டு, சமாதிகளை என் தலையில் கட்டிவிடுவாள். வடக்குச் சுவரோரம் பதினேழாம் நூற்றாண்டுப் பிரபு ஒருவரும் அவர் மனைவியும் கல்லில் படுத்திருக்கிறார்கள். கீழே அவர்கள் பெற்ற பிள்ளைகள் வரிசையாக முட்டி போட்டுக் கைகூப்பியிருக்கிறார்கள். பெற்றோருக்கு முன்பே செத்துப்போன பிள்ளைகள் கையில் மட்டும் ஒரு சின்ன மண்டையோடு இருக்கும். அந்தக் காலத்துச் சமாதிகளில் அதுதான் வழக்கம். பெண்களின் வரிசையில் மூன்றாவதாக இருப்பவள் கையில் எதுவும் இல்லை. இரண்டு விரலோடு சேர்த்து யாரோ உளியால் பெயர்த்திருக்கிறார்கள்.

“இது யாரு பாத்த வேலை?” என்று கேட்டேன்.

“பட்டாளத்துக்காரங்கதான். சண்டைக் காலத்துல எல்லா சர்ச்சுலயும் புகுந்து உடைச்சாங்களே.”

“அப்ப மூஞ்சியெல்லாம் முழுசா இருக்கே. இவ கை மட்டும் அவங்கள என்ன பண்ணுச்சு?”

“ஏம்மா, நீ துடைக்க வந்தியா, விசாரணைக்கு வந்தியா?” என்றாள் ஹில்டா.

விசாரணைக்குத்தான் வந்திருக்கிறேன் போல. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2

தொடக்கங்கள்:

(அ) “பனி மூடிய ஒரு மங்கலான காலையில், லேடி அர்சுலா ஜன்னலருகே நின்று தன் —”

வேண்டாம். மங்கலான காலை இல்லாமல் ஒரு ஆங்கிலேயச் சீமாட்டியைக் கதைக்குள் கொண்டுவரவே முடியாதா?

(ஆ) “அர்சுலா ஒரு கல்நெஞ்சுக்காரி.”

சமாதியைப் பற்றிய கதையில் இப்படி எழுதியதற்குக் காதைத் திருக வேண்டும். அடித்துவிட்டேன்.

(இ) அர்சுலா ஒரு பெரிய பிரபுவின் மகள், ஒரு சின்னப் பிரபுவின் மனைவி. அந்த இறக்கத்தை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. விட்ட படியை மகள்களை வைத்து ஏறிப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் வாழ்க்கையின் வேலை. மூத்தவளை வடக்கே ஒரு பிரபு வீட்டில் கொடுத்தாள். அடுத்தவளைத் தன் அண்ணன் மகனுக்கே கட்டிவைத்தாள் [நமக்குப் பழகிய ஏற்பாடுதான், விளக்கம் தேவையில்லை]. மூன்றாவது மகள் பிரிட்ஜெட்டுக்கு, பல் பாதி போன, ஆனால் நாலு மாளிகை உள்ள ஒருவரைப் பேசி முடித்திருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டது. அர்சுலாவின் வீடு ராஜா கட்சி. ஒரே மகன் எட்மண்ட் வாளை எடுத்துக்கொண்டு போனான். பிரிட்ஜெட் எதிர்க்கட்சிப் படையில் கேப்டனாக இருந்த நத்தானியல் ப்ரூமைக் கல்யாணம் செய்துகொண்டாள். எதிரி என்பதைக்கூட அர்சுலா பொறுத்திருப்பாள். அவன் கம்பளித் துணி நெய்து விற்கிற வீட்டுப் பிள்ளை. அதைத்தான் பொறுக்கமுடியவில்லை.

(இ)யை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வழக்கத்தை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும், கதை அதில்தான் நிற்கிறது. அந்த வீடுகளில் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் பெற்றவர் முன்னால் முட்டி போட்டு ஆசி கேட்பார்கள். பெற்றவர் தலையில் கை வைத்து, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்பார். தாடி வளர்ந்த மகனானாலும் பிள்ளை பெற்ற மகளானாலும் முட்டி போட்டே ஆக வேண்டும். கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை கலையும் நேரத்தில், பிரிட்ஜெட் ஊர் பார்க்கத் தாய் முன்னால் முட்டி போட்டாள். அர்சுலா வழக்கம்போலக் கையை நீட்டினாள். தலைக்குமேல் அந்தக் கை ஒரு நொடி நின்றது. பிறகு அவள் அதை எடுத்துக் கையுறைக்குள் நுழைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

3

கணவர் இறந்ததும் அர்சுலா சமாதி கட்டக் கல்தச்சன் கிடியனை அழைத்தாள். தன்னையும் கணவர் பக்கத்தில் படுத்த மாதிரி செதுக்கச் சொன்னாள். உயிரோடிருக்கும்போதே தன் உருவத்தைச் செய்துவைப்பது அங்கே சகஜம். பிள்ளைகளின் வரிசைக்கு வந்தபோது கிடியன் கேட்டான்.

“பிரிட்ஜெட் அம்மா கையில என்னம்மா வைக்க? ஜெபப் புஸ்தகமா, சும்மா கூப்புனாப்லயா?”

“மண்டையோடு.”

கிடியன் உளியைக் கீழே போட்டுவிட்டான். “அய்யோ, எப்பம்மா? சாவு மணி அடிக்கலியே!”

“அடிக்க மாட்டாங்க. நீ வெட்டு.”

“உசிரோட இருக்கறவங்க கையிலயாம்மா?”

“அவ யாரு வீட்டுல உசிரோட இருக்கான்னு நான் உன்னக் கேட்டனா?”

கிடியன் வெட்டினான். நல்ல கைவேலைக்காரன். மண்டையோட்டுக்குப் பல்லெல்லாம்கூட வைத்தான்.

[இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கையில் இருந்தது மண்டையோடு என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. புத்தகமாக இருந்திருக்கலாம், பூவாக இருந்திருக்கலாம். எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒரு தாய் தன் மகள் கையில் அன்பாக எதையோ வைத்திருக்க, அதை எடுத்துவிட்டு மண்டையோட்டைத் திணித்தது நான்தான். கதை நடக்க வேண்டுமே. சனிக்கிழமைகளில் அந்த முகத்தைத் துடைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.]

4

சண்டையில் ராஜா கட்சி தோற்றது. எட்மண்ட் ஒருமுறை பிடிபட்டு, இனி ஆயுதம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்து வெளியே வந்தான். மறுபடியும் வாளோடு பிடிபட்டான். அந்தக் குற்றத்துக்குச் சுவரோடு நிறுத்திச் சுடுவார்கள். அவனை அடைத்துவைத்திருந்த படையில் கேப்டன், நத்தானியல் ப்ரூம்.

“அர்சுலா ஓவென்று அழுதபடி மகளைத் தேடி —”

இல்லை. அவள் அழமாட்டாள். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அவள் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, வண்டி பூட்டச் சொல்லி, வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். கெஞ்சுவதாக இருக்கக்கூடாது, ஆணையாகவும் இருக்கக்கூடாது. ஒரு பெரிய வீட்டுப் பெண் இன்னொரு வீட்டாரிடம் உதவி கேட்கிற தோரணையில் இருக்க வேண்டும்.

பிரிட்ஜெட் கதவைத் திறந்தாள். நிறைமாதம். தாயைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் முட்டி மடங்கப் போனது, பாதியில் நிமிர்ந்துவிட்டாள்.

“வாங்கம்மா, உக்காருங்க. சாயத் தொட்டி வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். பழகிடும்.”

மது விட்டுக் காய்ச்சிய பாலைக் கொண்டுவந்து வைத்தாள். அர்சுலா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “எட்மண்ட் விஷயமா —”

“தெரியும்மா. அவரு நேத்தே பேசி முடிச்சிட்டாரு. சுடமாட்டாங்க. கடல் தாண்டிப் போயிரணும்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான்.”

“நான் வந்து கேக்கறதுக்கு முன்னாடியேவா?”

“நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லியேம்மா.”

ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் வீணாய்ப்போனது. அர்சுலாவுக்கு முகம் சுட்டது. கேட்டு வாங்கியிருந்தால் நிமிர்ந்து போயிருப்பாள். கேட்காமலே கிடைத்துவிட்டது, அதுவும் இந்த நாற்றமடிக்கிற கூடத்தில்.

“எனக்கும் ஒண்ணு வேணும்மா,” என்றாள் பிரிட்ஜெட். “இது தலைப்பிரசவம். பிழைப்பேனோ மாட்டேனோ. பிரசவ அறைக்குள்ள அடையறதுக்கு முன்னாடி, வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரேன். முட்டி போடறேன். தலையில கை வைங்க.”

“இப்பவே வைக்கிறேன். இங்கயே முட்டி போடு.”

“இங்க யாரு பாக்கறா? நீங்க கைய எடுத்தப்ப ஊரே பாத்துச்சு. வைக்கறதையும் ஊரு பாக்கட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “அப்பா சமாதியையும் நான் இன்னும் பாக்கல. அதுல என்னையும் வெட்டியிருக்கீங்களாமே. காவல்ல போய்ப் பாத்தப்ப எட்மண்ட் சொன்னான். என்னை ஒதுக்கலன்னு கேட்டதும் அழுதுட்டேம்மா.”

எட்மண்ட் மீதியைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

பால் ஆறி ஆடை கட்டியது. அர்சுலா அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அந்தக் கோப்பை உதவியது.

5

சனிக்கிழமை கிடியன் வந்து, ஊருக்கு இன்னும் திறந்து காட்டாத சமாதியின் படுதாவை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“எடுத்துரலாம்மா. ஆனா கையும் ஓடும் ஒரே கல்லு. ரெண்டு விரலும் சேந்து வந்துரும். உடைஞ்ச இடம் வெள்ளை வெளேர்னு பல்லிளிக்கும்.”

“நாளைக்கு அவ வரா, கிடியன்.”

“யாராச்சும் கேட்டா பட்டாளத்துக்காரன் உடைச்சான்னு சொல்லிருங்க. இப்பல்லாம் கோழி காணாப்போனாக்கூட அவங்க மேலதானே போடறோம்.”

“அவ புருஷன் பட்டாளத்துக்காரன்.”

“அதனாலதாம்மா சொல்றேன். ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

அந்த ஆளின் மகனைச் சுடவிடாமல் காப்பாற்றியவன் தலையிலேயே — இல்லை, அவளுடைய மகனை. பதற்றத்தில் எனக்கே வாக்கியம் குழறுகிறது. தன் மகனைக் காப்பாற்றியவன் தலையிலேயே பழியைப் போடுவதா என்று அவள் யோசித்தாள். யோசித்துவிட்டு, “வெட்டு,” என்றாள். இந்தக் கதையில் இந்தச் சொல்லை அவள் இரண்டாவது தடவை சொல்கிறாள்.

மண்டையோடு தரையில் விழுந்து உருண்டது. கிடியன் குனிவதற்கு முன் அர்சுலா குனிந்து எடுத்துப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சமாதிமேல் அவளுடைய கல் உருவம் கண்ணை மூடிப் படுத்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்தும் யாரும் கலையவில்லை. பிரிட்ஜெட் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, குடும்பத்தார் பெஞ்சுக்கு முன்னால், சமாதிக்குப் பக்கத்தில், மெதுவாக முட்டி போட்டாள். கல் பிரிட்ஜெட்டும் உயிருள்ள பிரிட்ஜெட்டும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். அர்சுலா கையை நீட்டினாள். பைக்குள் கல் கனத்தது.

அப்போது பிரிட்ஜெட் திரும்பித் தன் உருவத்தைப் பார்த்தாள். உடைந்த இடம் புத்தம் புதிதாக வெளுத்திருந்தது.

“அம்மா, என் கையில என்ன இருந்துச்சு?”

இந்தக் கேள்விக்கு மூன்று முடிவுகளை எழுதிப்பார்த்தேன்.

முதல் முடிவு. “பூ,” என்கிறாள் அர்சுலா. “பட்டாளத்துக்காரங்க உடைச்சிட்டாங்க.” ஊர் முணுமுணுக்கிறது. நத்தானியல் காதுவரை சிவந்து, தொப்பியைக் கழற்றி, “எங்க ஆளுங்க செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேம்மா,” என்று எல்லார் முன்னாலும் தலைகுனிகிறான். இதை எழுதிய பிறகு அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது முடிவு. அவள் பைக்குள் கைவிட்டு மண்டையோட்டை எடுத்துக் காட்டி, “இதுதான் இருந்துச்சு. நான்தான் வைக்கச் சொன்னேன்,” என்கிறாள். உண்மையான முடிவு என்று எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. மறுநாள் படித்தால், பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்துக்கு நேராக அவளுடைய சாவை நீட்டியிருக்கிறேன். தாயின் மனப்பாரம் குறைய வேண்டும் என்பதற்காகவா?

மூன்றாவது முடிவு. பிரிட்ஜெட்டுக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரிந்தேதான் — வேண்டாம். இது அர்சுலாவையும் என்னையும் ஒரே வீச்சில் தப்பிக்கவிடுகிறது. எங்கள் இருவருக்கும் அந்தச் சலுகை கிடையாது.

7

போன சனிக்கிழமை ஊர்பார்க்க வந்த ஒரு பெண் அந்தச் சமாதிமுன் நின்று, “இவ கையில என்ன இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்? பட்டாளத்துக்காரங்க உடைச்சிட்டாங்க,” என்றாள் ஹில்டா. பிறகு என்னைப் பார்த்து, “இவங்கதான் கதை எழுதறவங்க. இவங்களக் கேளுங்க,” என்று மாட்டிவிட்டாள்.

நான் துணியைப் பிழிந்துகொண்டே, “ஆமா, பட்டாளத்துக்காரங்கதான்,” என்றேன். அர்சுலாவைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆகவே முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். தேவாலயம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாயின் கை மகளின் தலைக்குமேல், இன்னும் தொடாமல் நிற்கிறது. அவள் வாயைத் திறந்துவிட்டாள். எந்தப் பதிலை வேண்டுமானாலும் அவளைச் சொல்லவையுங்கள். ஆனால் என்னைப் போல மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். நிறைமாதக்காரி, வெறும் கல்தரையில் முட்டி போட்டிருக்கிறாள்.