ஓர் அங்குலமும் குறையாதவர்

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டால் அரை அங்குலம் வளர்வோம். அதற்குப் பின்னால் உள்ள தரவையும் கணினி நிரலையும் ஊருக்கெல்லாம் கொடுத்தால் இரண்டு அங்குலம் குறைவோம். சேர்ந்த நாளின் உயரத்தில் ஓர் அங்குலமும் குறையாதவருக்குத்தான் நிரந்தர வேலை.

நான் ஒன்பது வருடம் தெருத்தெருவாகத் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு எண்ணியவள். எந்தத் தெருவில் எந்த வாரம் டெங்கு வரும் என்று சொல்லும் நிரலும் எழுதினேன். எல்லாவற்றையும் வருடா வருடம் பொதுவில் போட்டேன். அதைப் பார்த்து ஒரு நகராட்சி முன்கூட்டியே மருந்தடித்தது. அந்த வருடம் அங்கே ஒரு குழந்தையும் காய்ச்சலில் படுக்கவில்லை. இடையில் எட்டுக் கட்டுரை எழுதியும், ஐந்தடி மூன்று அங்குலமாக இருந்த நான் நாலடி ஒன்றானேன்.

பக்கத்து அறை டாக்டர் ஞானதிரவியம் ஒரு தொட்டியையும் எட்டிப் பார்த்தவரல்ல. என் தரவை வைத்து நாற்பது கட்டுரை எழுதினார். அவருக்காகக் கதவு நிலையை இடித்து உயர்த்தினார்கள். பிறகு நிறுவனம் பொது சர்வரை மூடியது, என் கணினியும் பழுதானது. அவரிடம் இருந்த என் தரவின் நகலைப் போய்க் கேட்டேன்.

“தகுந்த காரணம் சொல்லி எழுதிக் குடுங்க பூரணி, பார்க்கலாம்,” என்றார் மேலேயிருந்து.

நான் எண்ணிய புழுவுக்கு நானே மனுப் போட வேண்டுமாம்!

தரவுப் பொறுப்பாளர் என்று ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. அது கிடைத்தால் என் தரவு என் கைக்கு வரும். அதற்குள், பகிர்வோரை ஊக்குவிக்க ஒரு குழு மூன்று மாதம் கூடிப் பேசி, எனக்கு ஒரு முக்காலி பரிசளித்துக் கைதட்டியது.

மார்ச்சில் அந்தப் பணியிடத்துக்காக அளக்க, அலுவலகத்துச் சொக்கநாதன் அளவு நாடாவோடு வந்தார். நான் முக்காலிமேல் ஏறி நின்றேன்.

“முக்காலி வேற, நீங்க வேற மேடம். இறங்குங்க.”

“அந்த நாற்பது கட்டுரையும் என் தொட்டியிலேர்ந்து வந்ததுதானே?”

“எனக்குத் தெரியும் மேடம். நாடாவுக்குத் தெரியாதே.”

என்னை அளந்தார். வந்ததுக்கு அதையும் பார்த்துவிடலாம் என்று முக்காலியையும் அளந்து எழுதிக்கொண்டார்.

உத்தரவு வந்தது. முக்காலி ஒன்றரை அடியாக வந்து, ஒன்றரை அடியாகவே இருக்கிறது. இதுவரை யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. பணியிடம் அதற்கு. எனக்கு அதன் தற்காலிக உதவியாளர் வேலை.

திங்கட்கிழமை காலை, என் தரவைக் கேட்டு அதனிடம் மனுக் கொடுத்தேன். கோரிக்கை தகுந்ததாக இல்லை என்று மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டது.