முறைத் தூக்கம்

பெயிண்டருக்கு அறை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "இனிமே நிம்மதியாத் தூங்கலாம்யா." அந்த ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

அறையைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. பக்கத்துக் கட்டடத்தின் முதுகைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். கதவுக்கு நல்ல பூட்டு. சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை முறிந்த பிறகு பெயிண்டரால் வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. கை தூக்காத பெயிண்டரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? வேலை போயிற்று, வாடகை வீடு போயிற்று. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள்; கொஞ்ச காலம் மச்சான் வீடு. அங்கே சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்ததால், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பித் தெருவுக்கு வந்துவிட்டார். தொழில் போனாலும் தொழிலின் பேர் மட்டும் ஒட்டின பசை மாதிரி கூடவே வந்தது.

தெருவிலிருந்து அவரைக் கூட்டி வந்து அறை கொடுத்தது ஒரு சங்கம். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலைக்கும் சேர்த்துவிட்டார்கள். விடுதிப் பொறுப்பாளர் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார்: வேலை நிலைத்தால் அறை நிலைக்கும். வேலை போனால், அறைக்குக் காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர்.

சலவைக்கூடத்தில் அவருக்குப் போர்வை மடிக்கிற வேலை. இரண்டு முனையை இவர் பிடிக்க, எதிரே நிற்கிற பெண் மற்ற இரண்டு முனையைப் பிடிப்பாள். உதறி, இழுத்து, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். ஒரு நாள் அவள் இழுத்த இழுப்பில் பெயிண்டர் போர்வையோடு சேர்ந்து வந்து அவள் காலடியில் விழுந்தார். நின்றபடியே தூங்கியிருக்கிறார்.

"என்ன அண்ணே, போர்வையைப் பார்த்ததும் போர்த்திக்கத் தோணிடுச்சா?" என்று அவள் சிரித்தாள். கூடமே சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. கிட்டே வந்து பெயிண்டரின் கண்ணைப் பார்த்தார். இரண்டும் கொவ்வைப்பழம்.

"காலங்காத்தால ஊத்திக்கிட்டு வர்ற வழக்கமா? இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கேட்டுக்கு வெளியதான் நிப்பே."

பெயிண்டர் விழுந்த போர்வையை எடுத்து உதறினார். குடிக்கவில்லை என்று சொல்லலாம். பிறகு ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? பூட்டின அறையில், மெத்தை போட்ட கட்டில் இருக்கும்போது, ஐம்பது வயதுக்காரனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

மேஸ்திரி சங்கத்துக்குப் போன் போட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிக்காரம்மா வந்த வேகத்திலேயே பெயிண்டருக்கு அது தெரிந்துபோயிற்று.

சங்கத்தில் ஒரு வழக்கம். புதிதாக அறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளியைப் போடுவார்கள். அந்தக் கூட்டாளியும் ஒரு காலத்தில் தெருவில் படுத்தவராக இருக்க வேண்டும். படித்தவர்களுக்கு அந்த வேலை கிடையாது. பெயிண்டருக்கு வாய்த்தவர் இஸ்திரிக்காரம்மா. நாலு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி மேசை போட்டிருக்கிறார். ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். பேச்சு என்றால் முக்கால்வாசி அவர் பேச்சுதான்.

"வாயை ஊது" என்றார் உள்ளே வந்ததும்.

"எதுக்குக்கா?"

"ஊதுய்யான்னா."

பெயிண்டர் ஊதினார். அந்த அம்மா மூக்கைச் சுளித்தார். "பல்லு தேய்க்கணும். மத்தபடி ஒண்ணும் இல்ல." பிறகு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கட்டிலில் விரிப்பு கசங்காமல் இருந்தது. இஸ்திரிக்காரி கண்ணுக்குக் கசங்காத துணி தப்புமா? மூலையில், முதுகைச் சுவருக்குக் கொடுத்துக் கதவைப் பார்த்து உட்காரும்படி ஒரு பாய். பாய்க்கு அடியில் செருப்பு. கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு இரும்புக் குழாய்.

அந்த அம்மா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். குரலில் இருந்த காரம் இறங்கியிருந்தது.

"யாரு கூட முறை போட்டுப் படுத்தே அங்க?"

பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

"சித்தப்பா கூட."

உறவு ஒன்றும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் வாசல்படிதான் இருவருக்கும் படுக்கை. இரண்டு பேருக்கு மேல் மூன்றாவது ஆள் காலை நீட்ட முடியாது. தெருவில் படுக்கிறவனுக்குக் களவு, உதை, போதையில் வருகிற பொடியன்கள், நாய், மழை என்று பயம் பலவிதம். அதனால் ஒருவர் தூங்க, ஒருவர் முழித்திருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு நடுராத்திரிக்கு மேல் இருமல் வந்து எப்படியும் எழுந்துவிடுவார். அதனால் முன்ராத்திரித் தூக்கம் அவருக்கு, பின்ராத்திரித் தூக்கம் பெயிண்டருக்கு. முறை மாறும்போது பேச்சு கிடையாது. சித்தப்பா எழுந்து உட்கார்ந்து பெயிண்டரின் கால் கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்துவார். 'நான் இருக்கேன், நீ படு' என்று அர்த்தம். அந்த அழுத்து விழுந்ததுதான் தாமதம், பெயிண்டர் கிணற்றில் போட்ட கல்லாகத் தூக்கத்தில் இறங்கிவிடுவார்.

"இங்க யாரும் காலை அழுத்தலக்கா" என்றார் பெயிண்டர். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

இஸ்திரிக்காரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்த் திறந்த கதவு நிலையில் போட்டு, வெளியே பார்த்து உட்கார்ந்தார்.

"படு. நான் முழிச்சிருக்கேன்."

"பட்டப்பகல்லயா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்னத்த நினைப்பாங்க? இந்த மூஞ்சியைப் பார்த்து எவனுக்காவது தப்பா நினைக்கத் தோணுமா? படுய்யா."

படிக்கட்டில் போன ஒருவன், "என்னம்மா, வாசல்ல வாட்ச்மேன் வேலையா?" என்று கேட்டதும், "ஆமாடா, உள்ள ராசா தூங்குறாரு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போ" என்று அந்த அம்மா பதில் சொன்னதும் பெயிண்டர் காதில் விழுந்தன. அதற்கு மேல் ஒன்றும் விழவில்லை.

அவர் கண் விழித்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இஸ்திரிக்காரம்மா அதே இடத்தில், அதே மாதிரி.

"குறட்டையா அது? கடப்பாரையைத் தரையில இழுக்கிற மாதிரி. உங்க சித்தப்பாவுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்." எழுந்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டார். "தினமும் வர என்னால ஆகாது. எனக்குக் கடை இருக்கு, உடம்பும் இருக்கு. நீ ஒரு தடவை அந்த மனுசனைப் போய்ப் பார்த்துட்டு வா."

"பார்த்தா சரியாயிடுமா?"

"வலிக்கும். ஆனா போகாம இருந்தா நீ பாதி இங்கயும் பாதி அங்கயுமாத்தான் இருப்பே. நான் ரெண்டு வருசம் அப்படி இருந்தேன். எவளும் எனக்குச் சொல்லல."

மறுநாள் வேலை முடிந்ததும் பெயிண்டர் போனார். இரண்டு பன் வாங்கிக்கொண்டார், டீயை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டார். போகிற வழியெல்லாம் மனதில் ஒரு கணக்கு ஓடியது. விடுதியில் ஒரு அறைக்கு ஒரு ஆள்தான் என்பது சட்டம். ஆனால் பொறுப்பாளர் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுவார். சித்தப்பா இருட்டினதும் வந்து வெளிச்சம் வருமுன் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? அகப்பட்டால் அறை போகும். தூங்காவிட்டாலும்தான் போகப்போகிறது.

மரச்சாமான் கடை வாசலில் சித்தப்பா அட்டையை விரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாடி வைத்த ஒருவன். பெயிண்டர் படுத்த பக்கத்தில், பெயிண்டரின் இடத்தில்.

"வாங்க வீட்டுக்காரரே!" என்று சித்தப்பா கையை விரித்தார். "ஏழைங்க வாசலைத் தேடி வந்திருக்கீங்க. உட்காருங்க, சோபா இப்பத்தான் துடைச்சோம்." படியைத் தட்டிக் காட்டினார்.

மூன்று பேரும் பன்னைப் பிய்த்துத் தின்றார்கள். தாடிக்காரன் தன் பங்கை வாங்கிக்கொண்டு, மரியாதையாகக் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தான்.

பெயிண்டர் குரலைத் தாழ்த்தித் தன் கணக்கைச் சொன்னார். சித்தப்பா கேட்டு முடிக்கும் முன்பே தலையை ஆட்டினார்.

"நாலு சுவருக்குள்ள எனக்கு மூச்சு முட்டும்பா. உனக்குத் தெரியாதா? அதோட உன் பொழப்புலயும் நானே மண்ணைப் போடவா?"

"அப்போ நான் இங்க வந்து படுக்கிறேன். ராத்திரி மட்டும்."

சித்தப்பா அட்டையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"இடம் இல்லப்பா."

"ஒடுங்கிக்கலாம் சித்தப்பா."

"இடத்துக்குச் சொல்லல. ரெண்டு பேர் முறை போட்டா ஒருத்தன் முழிச்சிருப்பான். மூணு பேர் போட்டா ஒருத்தனும் முழிச்சிருக்க மாட்டான். அவன் இருக்கான்னு இவன் தூங்குவான், இவன் இருக்கான்னு அவன் தூங்குவான். விடிஞ்சா மூணு பேர் செருப்பும் இருக்காது." சொல்லிவிட்டுப் பெயிண்டரின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏன்யா இப்படி வத்திப்போயிருக்கே? தூங்குறதில்லையா?"

"முன்ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது."

"முன்ராத்திரி நான்தானே தூங்குவேன்?" சித்தப்பா வாயில் இருந்த பன்னை விழுங்கினார். "அட கிறுக்கா. அங்க உட்கார்ந்துக்கிட்டு இங்க எனக்குக் காவல் காக்கிறியா?"

அது பெயிண்டருக்கே அப்போதுதான் தெரிந்தது.

சித்தப்பா தாடிக்காரனைத் தாடையால் காட்டினார். "இவன் நல்லா முழிக்கிறான். உன்னைவிட நல்லாவே முழிக்கிறான். நீ ஒருநாள் கண் அசந்து என் போர்வையைப் பறிகொடுத்தியே, ஞாபகம் இருக்கா? இவன் அப்படிப் பண்ணினதில்ல." பாட்டிலை மூடிப் பெயிண்டரின் கையில் திணித்தார். "உன் முறை முடிஞ்சுதுப்பா. எழுந்து போ. இருட்டப்போகுது, அந்தப் பக்கம் நாய்த் தொல்லை."

விரட்டினாரா, வழியனுப்பினாரா? பெயிண்டரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா சுவரோரம் திரும்பிப் படுத்துவிட்டிருந்தார். தாடிக்காரன் முழங்காலைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சரியாகத்தான் உட்கார்ந்திருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பெயிண்டருக்குத் தாங்கவில்லை.

அறைக்கு வந்து கதவைப் பூட்டினார். பாயில் உட்கார்ந்தார். சித்தப்பா இந்நேரம் தூங்கியிருப்பார் என்று நினைத்தார். அங்கே காவல் இருக்கிறது. தான் முழித்திருந்தாலும் ஒன்றுதான், முழிக்காவிட்டாலும் ஒன்றுதான். உலகத்தில் இந்த ராத்திரி தன் கண்ணை நம்பித் தூங்குகிற ஒரு ஜீவன்கூட இல்லை. இதை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்தது. மனைவி செத்தபோது வந்த அழுகைக்குப் பிறகு இப்போதுதான் வருகிறது. அழுதுகொண்டே சாய்ந்தார்.

கதவை யாரோ இடித்தார்கள்.

"யோவ் பெயிண்டரு! இருக்கியா, செத்துட்டியா? கதவைத் திறய்யா!"

திறந்தால் வெயில் படிக்கட்டு வரை வந்து நிற்கிறது. அதற்கு முன்னால் இஸ்திரிக்காரம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"வேலைக்கு வரலன்னு மேஸ்திரி சங்கத்துக்குப் போன் போட்டு, சங்கத்துல எனக்குப் போன் போட்டு... பெட்டியை அப்படியே வச்சிட்டு ஓடி வந்தேன். எவன் சட்டை கருகுதோ தெரியல." பேச்சை நிறுத்தி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கன்னத்தில் பாயின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. "தூங்கினியா?"

"தூங்கிட்டேன்கா." குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்தார்.

"செருப்பைப் போடு."

சலவைக்கூடத்து வாசலில் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நான் சொன்னேனா இல்லையா? இந்த ஆளு தேற மாட்டான்னு."

இஸ்திரிக்காரம்மா குறுக்கே புகுந்தார். "குடிச்சவன் மூஞ்சியா இது? நல்லாப் பாருங்க. இந்த ஆளு ராத்திரியில தூங்கினதே நேத்துத்தான். தூங்கத் தெரியாம இருந்தான், இப்பத்தான் படிச்சிருக்கான். முதல் பாடத்துல கொஞ்சம் கூடுதலாப் படிச்சிட்டான். அதுக்குப் போய் பள்ளிக்கூடத்தை விட்டா துரத்துவீங்க?"

மேஸ்திரி பெயிண்டரின் அருகே வந்தார். இமையை விரலால் தூக்காத குறைதான். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"நாளைக்கு?" என்றார்.

"வந்துடுவேங்க."

"இந்த அம்மா வந்து எழுப்பணுமா?"

"நான் வருவேன்" என்றார் இஸ்திரிக்காரம்மா. "ஒரு மாசத்துக்குக் காலையில நான் போய்க் கதவை இடிக்கிறேன். எனக்கென்ன, நாலு தெருதானே? உங்களுக்கு ஆள் வந்தாப் போதும்ல?"

மேஸ்திரி வழியை விட்டார்.

கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு இஸ்திரிக்காரம்மா திரும்பினார். பெயிண்டர் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தார். "அக்கா, சித்தப்பாவைப் பார்த்தேன்..."

"தெரியுது. ஞாயித்துக்கிழமை சொல்லு. சட்டை கருகுது." போய்விட்டார்.

உள்ளே எதிர்ப்பக்கத்துப் பெண் இரண்டு முனையை நீட்டினாள். பெயிண்டர் பிடித்துக்கொண்டார். அன்று முழுக்க ஒரு போர்வைகூட அவர் கையிலிருந்து நழுவவில்லை. "என்ன அண்ணே, இன்னைக்கு வந்திருக்கிறது நீங்கதானா, வேற ஆளா?" என்று அவள் கேட்டாள். பெயிண்டர் சிரித்துவைத்தார்.

சாயங்காலம் அறைக்கு வந்து விளக்கைப் போட்டார். கட்டில், மேசை, நாற்காலி. இத்தனை நாளும் இந்த அறையில் அவர் தனியாக இருக்கவில்லை என்பது இப்போது புரிந்தது. ஒரு இருமல், ஒரு முதுகு, ஒரு கடைவாசல், எல்லாம் கூடவே இருந்தன. இன்று அறையில் இருந்தது ஒரே ஒரு ஆள். கதவு பூட்டியிருந்தது, வயிறு நிறைந்திருந்தது, தூக்கமும் வரும்போலத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை சொல்வதற்கு ஆள் இல்லை. காலையில் இஸ்திரிக்காரம்மா வந்து கதவை இடிப்பார், அது நிச்சயம். அதற்கு நடுவில் ஒரு முழு ராத்திரி கிடந்தது, பங்கு போட யாருமில்லாமல், முழுசாக அவருக்கே.

பெயிண்டர் விளக்கை அணைத்தார்.