நிறம் குடித்த வெள்ளைத் தூள்

"சாயம் போட்டு மிச்சமான தண்ணி கொஞ்சம் குடுப்பீங்களாக்கா?"

கடை வாசலில் நின்று ஒரு பெண் இப்படிக் கேட்டதும் அத்தியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பழைய புடவைகளுக்கும் துப்பட்டாக்களுக்கும் சாயம் ஏற்றித் தரும் கடை அது. கள்ளக்குறிச்சியில் பதினெட்டு வருடமாக அவளும் கணவன் ஷேக் மைதீனும் நடத்துகிறார்கள். மிச்சத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குத்தான் போகும். அன்றைக்கு என்ன கலர் போட்டார்கள் என்று சாக்கடையைப் பார்த்தே தெருவில் சொல்லிவிடுவார்கள்.

"நீ இன்னா, ஆபீஸ்லேர்ந்து வரியா? ஃபைன் போடவா?"

"ஐயோ, இல்லக்கா. எம் பேரு மணிமொழி, ஊரு வெள்ளிமலை. காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கேன். தண்ணியிலேர்ந்து சாயத்த மட்டும் இழுக்குற தூள் ஒண்ணு செஞ்சிருக்கேன். லேபுல நல்லா வருது. நெஜமான சாயத் தண்ணியில பாக்கணும்."

அத்தியாவுக்கு நம்பிக்கை பாதிதான். இருந்தாலும் ஒரு கேனில் ராணிக்கலர் தண்ணீரை மொண்டு கொடுத்து அனுப்பினாள்.

நான்காம் நாள் மத்தியானம் மணிமொழி அதே கேனோடு திரும்பி வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினாள். அடியில் பஞ்சு, அதன்மேல் மாவு மாதிரி வெள்ளைத் தூள். மேலே தண்ணீரை ஊற்றினாள். ராணிக்கலர் அப்படியே கீழே சொட்டியது.

"பிடிக்கவே மாட்டேங்குதுக்கா."

"லேபுல எப்படிக் கலக்குன?"

"சுத்தமான தண்ணியில சாயத்தப் போட்டு."

அத்தியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெறும் சாயம் துணியில ஏறுமாம்மா? நாங்க உப்பு போடுவோம், சலவை சோடா போடுவோம்."

"சோடாவா?" மணிமொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதாங்க்கா! காரம் ஜாஸ்தியானா இது சாயத்தப் பிடிக்காது."

காரத்தை முறிக்க, பட்டுக்குச் சாயம் போட வைத்திருந்த வினிகர் புட்டியை அத்தியா எடுத்து நீட்டினாள். மணிமொழி சொட்டுச் சொட்டாக விட்டு, காரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் ஒரு காகிதத் துண்டை நனைத்து நனைத்துப் பார்த்தாள். போதும் என்று தலையசைத்து, புதுத் தூள் அடைத்த குழாயில் மறுபடி ஊற்றினாள்.

வெள்ளைத் தூளின் மேல்விளிம்பு சிவந்தது. சிவப்பு ஒரு கோடாக மெல்லக் கீழிறங்கிப் பாதியில் நின்றது. குழாயின் அடியில் ஒரு சொட்டு திரண்டது. அதில் நிறமே இல்லை. அடுத்ததிலும் இல்லை. கண்ணாடி டம்ளரில் கால்வாசி சேர்ந்த பிறகு அத்தியா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். டம்ளருக்கு அந்தப்பக்கம் தெருவில் போகிற சைக்கிள் தெரிந்தது.

"சுப்ஹானல்லாஹ்! எங்கம்மா போச்சு அத்தினி கலரும்?"

"தூளுக்குள்ள போயிருச்சுக்கா. உள்ள பூரா ரூம் ரூமா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சிர்கோனியம்னு ஒரு உலோகம் மூலைத்தூண் மாதிரி நிக்கும். அதுங்கள இணைக்குற கட்டைய நான் பிளாஸ்டிக் பாட்டில்லேர்ந்து எடுத்தேன். எங்க மலைக்கு அருவி பாக்க வரவங்க போட்டுட்டுப் போற பாட்டிலு. இதுல ஒரு கிராம் எடுத்து உள்ள இருக்குற சுவரையெல்லாம் விரிச்சா முப்பது சென்ட் வரும். எங்கப்பா சாமை வெதைக்கிற கொல்லை அவ்வளவுதான்."

ஒரு சிட்டிகைக்குள் ஒரு கொல்லை. தண்ணீரில் விழுந்த கறை பிரியாது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தவளுக்கு மேனி சிலிர்த்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "ஏங்க, இங்க வந்து பாருங்க!" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

ஷேக் மைதீன் ஈரக் கையோடு வந்து டம்ளரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "சரி, தூளு ரொம்பிப் போனா? தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?"

"இல்லீங்கண்ணே. கழுவிட்டுத் திரும்பவும் பிடிக்க வைக்கலாம்."

மணிமொழி ஸ்பிரிட்டில் துளி சோடாவைக் கரைத்துக் குழாயில் விட்டாள். போன நிறம் திரும்பி வந்தது. கிண்ணத்தில் ஒரு மடக்கு அளவுதான், ஆனால் மாதுளைச் சாறு போல அத்தனை அடர்த்தி. குழாயில் தூள் வெளுத்துக்கொண்டே வந்தது.

அத்தியா யாரையும் கேட்கவில்லை. கிண்ணத்தில் வெந்நீரும் உப்பும் சேர்த்து, கைக்குட்டை அகலத்தில் ஒரு வெள்ளைத் துணியை அமிழ்த்தினாள். சற்றுப் பொறுத்துத் தூக்கினால், நல்ல ராணிக்கலர். பிழிந்து உதறினாள், அலசினாள். நிறம் நின்றது.

"சாக்கடையில போக வேண்டிய சாயம்டீ இது" என்றாள்.

"ரொம்ப ஆசைப்படாதீங்கக்கா" என்று மணிமொழி கூச்சத்தோடு சொன்னாள். "இந்தக் குழா ரெண்டு லிட்டரு தாங்குனா ஜாஸ்தி. உங்க கடைக்கு ஒரு டிரம்மு செய்யணும்னா எத்தினி வருசம் ஆவும்னு எனக்கே தெரியல."

"ஆவட்டும்" என்றாள் அத்தியா. ஷேக் மைதீன் அதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டிருந்தார். காலையில் போட்ட மயில்நீலத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் வாளியோடு தூக்கி வந்து மணிமொழியின் முன்னால் வைத்தார்.

"இதையும் ஒரு தரம் ஊத்தேம்மா. பாப்போம்."